ஹெப்சிபாவின் நெஞ்சு சொன்ன பெயர்

புன்னைவேலி அரசு ஆஸ்பத்திரியில் மனுஷ இதயங்கள் பெயர் சொல்லத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. சீட்டு வாங்குகிற வரிசை வாசலையும் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டுவரை நீண்டு, முட்டிவலிக்காரர்களும் மூச்சிரைப்புக்காரர்களும் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளி ஏசிக்கொண்டிருந்த நேரத்தில், பயிற்சி டாக்டர் ஒருத்தி பீடி சுற்றுகிற ஒரு பெண்ணின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தவள், லப்டப்புக்குப் பதிலாகச் ‘செல்லக்கனி, செல்லக்கனி’ என்று கேட்டு, ஸ்டெத்தைக் கழற்றி உதறிப் பார்த்து, மறுபடி வைத்து, மறுபடியும் செல்லக்கனியே கேட்டதும், “செல்லக்கனி யாரும்மா?” என்றாள். பீடிக்காரப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறந்து கண் திறக்காமலே போன தன் பிள்ளைக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அது, புருஷனுக்குக்கூடத் தெரியாது.

அன்று மத்தியானத்துக்குள் எல்லா மேஜைகளிலும் இதே கதையாகிவிட்டது. ஒரு பெரியவரின் இதயம் போன பொங்கலுக்கு விற்ற காளையின் பெயரைச் சொன்னது, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் இதயம் அவரோடு வேலை பார்க்கிற டீச்சரின் பெயரைச் சொன்னது, வார்டு கவுன்சிலரின் இதயம் கூச்சநாச்சமில்லாமல் கவுன்சிலரின் பெயரையே சொன்னது. யார் யாரை நெஞ்சில் வைத்திருந்தார்களோ அவர்களுடைய பெயர் ஸ்டெத்தின் குழாய் வழியாக டாக்டரின் காதில் வந்து விழுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்கத் தலைநகரத்திலிருந்து ஒரு நிபுணர் குழு வந்து, நல்ல லாட்ஜில் தங்கி, கருவிகளை வைத்துப் பதிவு செய்து பார்த்தது. கருவிகளில் வெறும் லப்டப் மட்டும்தான் பதிவானது. மனுஷக் காதுக்கு மட்டும்தான் பெயர் கேட்டது. குழு ஊர் அல்வாவை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை, இதற்குப் பழகாமல் இருக்க? பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ பழத்தோடு ஒரு ஸ்டெத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள், மெடிக்கல் கடைகளில் ஸ்டெத் தட்டுப்பாடு வந்தது, புருஷன்மார் நெஞ்சுவலியை வெளியே சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டு கிடந்தார்கள், கோபத்தில் பிரிந்து போன ஒரு தம்பதி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே ஒன்று சேர்ந்து வாசல் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். டாக்டர்கள் சங்கம் கூடி, கேட்ட பெயர் நோயாளியின் சொந்த ரகசியம், அதைக் கேட்டவர் காதோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்கு மேல் சும்மா இருப்பார்களா? நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது ரத்த அழுத்தம், நாடி என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் “பெயர் உண்டு, தெளிவு” அல்லது “பெயர் உண்டு, மங்கல்” என்று சொல்லுகிற வழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். டாக்டர்கள் கையில் சாமியே அகப்பட்டாலும் முதலில் எடை பார்த்து உயரம் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் மருத்துவத் துறையின் தலைவி டாக்டர் உலகம்மை. ஐம்பதைத் தாண்டியவள், கட்டையான உருவம், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் ரவுண்ட்ஸ் வருகிறாள் என்றால் வார்டில் இருமல்கூட அடங்கிவிடும். பெயரைக் கேட்ட சுவாரஸ்யத்தில் சின்ன டாக்டர்கள் வால்வுக் கோளாறுகளைக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்த நாட்களில், “பேரு ஒருவாட்டி காதுல விழுந்தாப் போதும், அத ஒதுக்கிவச்சிட்டு அதுக்குப் பின்னால என்ன கேக்குன்னு கேளு” என்று அவர்களுக்குக் காது பழக்கியவள் அவள்தான். அந்த வித்தையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒதுக்கிவைப்பதில் அவளுக்கு அவ்வளவு பழக்கம்.

அவளோடு அதே டாக்டர் குவார்ட்டர்ஸ் வீட்டில் ஹெப்சிபா இருந்தாள். குழந்தைகள் வார்டு சிஸ்டர், ஒல்லியானவள், ஊசி போடும்போது பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடுகிறவள், தலைமுடியில் பாதி நரைத்த பிறகும் சிரித்தால் வார்டுக்கு வெளியே கேட்கும். உலகம்மை பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், மூச்சு நின்றுபோன ஒரு பிள்ளைக்கு இரண்டு பேருமாக மாறி மாறி மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றிய நாளில் தொடங்கியது அது, இன்னும் முடியவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் உலகம்மை, “நம்ம சிஸ்டர், துணைக்கு இருக்கா” என்பாள். ஹெப்சிபா அப்போதெல்லாம் காபி போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பெயர்கள் கேட்கத் தொடங்கிய அந்த வாரத்தில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்டார்கள். ஹெப்சிபாவின் நெஞ்சில் ‘உலகம்மை, உலகம்மை’ என்று வார்டில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே உரத்த குரலில் பெயர் கேட்டது. உலகம்மையின் நெஞ்சில் ஹெப்சிபா பெயர் மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிக் கேட்டது. இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள், மறுபடியும் சிரித்தார்கள். சிரித்து முடித்த மூச்சிலேயே உலகம்மை சொன்னாள், “ஏட்டி, வேற யாரும் உன் நெஞ்சுல ஸ்டெத் வைக்க விட்றாத, என்ன?”

ஹெப்சிபா ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டாள், “வெக்கமா இருக்கோ?”

“வெக்கம் இல்லட்டி. கௌரவம்னு ஒண்ணு இருக்குல்லா.”

அன்று ஹெப்சிபா போட்ட காபியில் சீனி இல்லை.

ஆஸ்பத்திரியில் இளசுகள் வேறு மாதிரி இருந்தார்கள். மருத்துவ மாணவர்களுக்கு ஸ்டெத் பழகுவது ஒருவர் நெஞ்சில் ஒருவர் வைத்துத்தான். அப்படிப் பழகுகிற வகுப்பில் பயிற்சி டாக்டர் இசக்கிமுத்துவின் நெஞ்சில் ‘ரியாஸ்’ என்று கேட்டது. ரியாஸ் குழந்தை மருத்துவம் படிக்கிற மேல்படிப்பு மாணவன். வகுப்பு முழுக்கச் சிரித்தது, விசில் அடித்தது. இசக்கிமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, “ஆமா, ரியாஸ்தான். அதுல என்ன சந்தேகம்?” என்றான். அவனுக்கு இருந்த துணிச்சலைப் பார்த்து, நர்சிங் மாணவி ஒருத்தி தன் நெஞ்சில் ஒரு பெண் பெயர் இருப்பதைச் சொன்னாள், அப்புறம் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் சொன்னார், அப்புறம் மருந்தகத்தில் வேலை பார்த்த திருநங்கை சங்கவி வந்து இவர்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் எல்லோரும் கூடி ஒரு விழா வைக்க ஆசைப்பட்டு, ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியின் துணை முதல்வர் பொறுப்பையும் வைத்திருந்த உலகம்மையிடம் இசக்கிமுத்துவை அனுப்பினார்கள்.

“மேடம், ஒருநாள் சாயந்திரம் லெக்சர் ஹால் வேணும். எங்கள மாதிரி இருக்க டாக்டருங்க, நர்சுங்க, அப்புறம் நம்மகிட்ட வைத்தியத்துக்கு வரவே பயந்துக்கிட்டு இருக்க ஜனங்க, எல்லாரும் ஒண்ணாக் கூடி, நாங்களும் இங்கனதான் இருக்கோம், வெக்கப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். கலர்த்தாள் ஒட்டுவோம், கேக் வெட்டுவோம். அவ்வளவுதான் மேடம்.”

உலகம்மை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆஸ்பத்திரிக்கு ஜனங்க நோயோட வாராங்க, ஒங்க கூத்தப் பாக்க வரல. நெஞ்சுல இருக்குறத நெஞ்சோட வச்சுக்கிடத் தெரியாதவன் நோயாளி ரகசியத்த எப்படிக் காப்பாத்துவ? போ, போயி வார்டுல இருக்க வேலயப் பாரு.”

அவன் முகம் சுருங்கிப்போனது. “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அறைந்து சாத்தியிருந்தால் உலகம்மைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று வீட்டில் ஹெப்சிபா, “அந்தப் பிள்ளைய ஏசுனியாமே” என்று மட்டும் கேட்டாள். “ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா?” என்று இவள் சொன்னதும் அவள் மீன் குழம்பைச் சுட வைக்கப் போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டியூட்டி முடிந்து வந்த ஹெப்சிபா, தோள்பட்டைக்கு நடுவில் யாரோ முட்டியால் அமுக்குகிற மாதிரி இருக்கிறது, தாடையெல்லாம் கடுக்கிறது என்றாள். உலகம்மை ஒவ்வொரு வருஷமும் மாணவர்களுக்கு ஒரு பாடம் எடுப்பாள். பொம்பளைகளுக்கு வருகிற மாரடைப்பு சினிமாவில் காட்டுகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது, முதுகில் வரும், தாடையில் வரும், வாயு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பிணமாகத்தான் திரும்பி வரும் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவாள். அந்த உலகம்மை வாயு மருந்துப் பாட்டிலை எடுத்துக் குலுக்கி, மூடியில் ஊற்றிக் கொடுத்து, “வாயுதான், குடிச்சிட்டுக் கொஞ்சம் படு” என்றாள்.

அவளுக்குத் தெரியாதா? தெரியும். இசிஜி எடுத்தால் தெரிந்துவிடும், இசிஜிக்கு ஸ்டெத்கூட வேண்டாம். ஆனால் இசிஜியில் ஏதாவது இருந்தால் அட்மிஷன், அட்மிஷன் என்றால் ரவுண்ட்ஸ், ரவுண்ட்ஸ் என்றால் ஒருவர் மாற்றி ஒருவராக வார்டிலிருக்கிற அத்தனை ஸ்டெத்தும் ஹெப்சிபாவின் நெஞ்சில் உட்காரும், அத்தனை காதிலும் ‘உலகம்மை, உலகம்மை’ என்று விழும். இந்தக் கணக்கெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு மின்னல் நேரத்தில் ஓடி முடிந்து, அது வாயுவாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும், என்று ஒரு இடத்தில் போய் நின்றுகொண்டது. பயத்துக்கு வைத்தியப் படிப்பு நன்றாகக் கை கொடுக்கும், வேண்டிய நோயை அது எடுத்துக் கொடுத்துவிடும். சனிக்கிழமை வலி கொஞ்சம் குறைந்ததும், “பாத்தியா, நான் சொன்னேன்லா” என்றாள். ஹெப்சிபா அவள் முகத்தைப் பார்த்து, “ஆமா, நீ சொன்ன” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்த ஹெப்சிபா, மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள், அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட் முழுக்க வேர்வை. உதடு வெளிறியிருந்தது. “உலகு, ஆஸ்பத்திரிக்குப் போவமா?” என்றாள். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேற்றி அனுப்பியவள், ஆஸ்பத்திரி சுவரை ஒட்டியிருக்கிற வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, போகலாமா என்று அனுமதி கேட்டாள். அந்தக் கேள்வி உலகம்மையை அறைந்தது. காரை எடுத்தாள்.

அவசரப் பிரிவில் அன்று டியூட்டி இசக்கிமுத்து. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவன் ஸ்டெத்தைக் காதில் மாட்டியதும், உலகம்மையின் வாயிலிருந்து, அவள் சாகும்வரை மறக்க முடியாத ஒரு வாக்கியம் வந்தது. “ஸ்டெத் வேண்டாம், நானே பாத்துட்டேன். இசிஜி மட்டும் எடு.”

இசக்கிமுத்து அவளைப் பார்க்கவில்லை. “மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றான். ஸ்டெத்தை ஹெப்சிபாவின் நெஞ்சில் வைத்தான். வைத்ததும் அவன் கை ஒரு கணம் அசையாமல் நின்றது, அவ்வளவுதான். அப்புறம் பக்கவாட்டில் வைத்தான், முதுகுப் பக்கம் வைத்தான், நிமிர்ந்து நர்ஸிடம், “நுரையீரல்ல ரெண்டு பக்கமும் அடியில தண்ணி சேந்திருக்கு. ஆக்சிஜன் போடுங்க. சீக்கிரம்” என்றான். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோயாளி ரகசியத்தை எப்படிக் காப்பாற்றுவாய் என்று கேட்டாளே, அவளுக்கு எதிரில் நின்றுகொண்டு அவன் காப்பாற்றினான். தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று உலகம்மைக்கு இருந்தது.

இசிஜி நாடாவைப் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான், “வலி எப்ப ஆரம்பிச்சுது மேடம்?”

“இன்னைக்குக் காலம்பற…” என்று உலகம்மை தொடங்கினாள்.

ஆக்சிஜன் முகமூடியைக் கையால் தூக்கிக்கொண்டு ஹெப்சிபா சொன்னாள், “வெள்ளிக்கிழமை.”

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தையின் பொருள் தெரியும். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. இனி மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுக்க வேண்டியதுதான், அதுவரைக்கும் செத்த தசை செத்ததுதான். யாரும் உலகம்மையைத் திட்டவில்லை. இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தான். திட்டுவதற்குத் தன்னைவிடப் பெரிய ஆள் அந்த அறையில் யாரும் இல்லையே என்று அன்றுதான் முதல் தடவையாக அவள் வருத்தப்பட்டாள்.

அடைப்பை எடுத்தார்கள். ஹெப்சிபா பிழைத்தாள். இதயத்தின் ஒரு ஓரம் மட்டும் சுருங்காமல் சும்மா கிடந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ‘நெருங்கிய ரத்த சொந்தங்கள் மட்டும்’ என்று ஒரு பலகை உண்டு. அதை மாட்டச் சொன்னதே உலகம்மைதான். அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பலகையைக் கடந்து உள்ளே போனாள். ஹெப்சிபா கண்ணைத் திறந்து கோட்டைப் பார்த்தாள். “டாக்டரா வந்தியா?” என்று கேட்டாள். “டாக்டருங்க எனக்கு நெறைய இருக்காங்க.” கண்ணை மூடிக்கொண்டாள்.

தினமும் ரவுண்ட்ஸில் அந்தக் கட்டில் வரும்போது மேல்படிப்பு மாணவி ரத்த அழுத்தம், நாடி எல்லாம் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, “பேரு… அவ்வளவு தெளிவா இல்ல மேடம்” என்பாள். மறுநாள், “மங்கலா இருக்கு மேடம்” என்பாள். பொய் சொல்லுகிறாள், எனக்காகப் பொய் சொல்லுகிறாள், என்று உலகம்மைக்கு உடம்பு கூசியது. தானே ஸ்டெத்தை வைத்துக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள். ஒருநாள் தலைமை நர்ஸ் சுலோச்சனா ஹெப்சிபாவின் கட்டிலோரம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“இங்கன உக்காருங்க மேடம். எல்லாருக்கும் தெரியும்.”

“என்ன தெரியும்?” என்றாள் உலகம்மை, பழக்கதோஷத்தில் அதட்டலாகவே.

“இதத் தெரிஞ்சுக்கிட எங்களுக்கு ஸ்டெத்து வேணுமாக்கும்? தெனமும் மத்தியானம் அவங்க மீனுல முள்ள எடுத்துட்டு, மீன ஒங்க பக்கம் தள்ளி வைக்கிறத நாங்க எத்தன வருசமாப் பாக்கோம். நீங்க சொல்லாததுனால நாங்களும் கேக்கல.”

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்தாள். யாருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாளோ அவர்கள் அத்தனை பேரும் வருஷக்கணக்காக அவளைச் சுற்றி நின்று, அவள் வெட்கத்துக்குத் திரை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரு உயிரை முக்கால்வாசி கொன்றுவிட்டு அவள் கௌரவமாக இருந்திருக்கிறாள். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பாள். இந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தபோது ஹெப்சிபா நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரு அறை கேட்டு வாங்கியிருந்தாள். பையை எடுக்கப் போன உலகம்மையின் கையைத் தடுத்துவிட்டுச் சொன்னாள். “நெஞ்சுவலி வந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல உலகு. என் வலிய விட உனக்கு உன் பேரு பெருசாப் போச்சே, அதான். உன் நெஞ்சுல என் பேரு கேக்குன்னு அன்னைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன். இப்ப நெனச்சுப் பாத்தா, நெஞ்சு சொல்லி எனக்கு என்ன ஆச்சு?”

“என்ன செஞ்சா நீ வீட்டுக்கு வருவ?”

“அதையும் நானே சொல்லித் தரணுமா?” என்று கேட்டுவிட்டு, இசக்கிமுத்து பையைத் தூக்கிக்கொள்ள, மெல்ல மெல்ல நடந்து போனாள்.

உலகம்மை தனியாக இருந்தாள். ஒருவருக்குச் சமைக்க அவளுக்குத் தெரியவில்லை, சோறு மிஞ்சி மிஞ்சிப் புளித்தது. ஒருநாள் இசக்கிமுத்துவை அறைக்குக் கூப்பிட்டு, அவனை உட்காரச் சொல்லி, தான் எழுந்து நின்றுகொண்டு, “நான் அன்னைக்குப் பேசுனது தப்பு. லெக்சர் ஹால் ஒங்களுக்குத்தான். வாசல்ல இருக்க ரத்த சொந்தம் பலகையையும் கழட்டச் சொல்லிட்டேன்” என்றாள். அவன் எழுந்திருக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். “நீங்க வருவீங்களா மேடம்?” என்றான். வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள், தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

விழா நன்றாகவே நடந்தது. ரியாஸும் கூட்டாளிகளும் ஏழு நிறத்திலும் சேலைகளை முடிச்சுப் போட்டுத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள், எல்லாம் வீட்டு அம்மாமார்களிடம் இரவல் வாங்கியவை. வைத்தியத்துக்கே வரப் பயந்த திருநங்கைகள் பட்டுடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், எலும்பு டாக்டர் அவர்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தது, மனசிருந்தவர்கள் வந்து உட்கார, இன்னொருவர் ஸ்டெத் வைத்துப் பெயரை உரக்கச் சொல்ல, கூரை அதிரக் கைதட்டினார்கள். ரியாஸின் நெஞ்சில் இசக்கிமுத்துவின் பெயர் என்று அறிவித்ததும் நாற்காலிகள் மேலேயே ஏறி ஆடினார்கள். சங்கவியின் இதயம் அவள் தனக்கென்று தேர்ந்தெடுத்துக்கொண்ட ‘சங்கவி’ என்கிற பெயரையே சொன்னது, வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தன் உடம்புக்குள்ளிருந்தே யாரோ தன்னைச் சரியாகக் கூப்பிட்டதைக் கேட்டு அவள் மேடையிலேயே உட்கார்ந்து அழ, எலும்பு டாக்டரும் சேர்ந்து அழுதார்.

உலகம்மை கடைசி வரிசையில், தூணை ஒட்டி, வெள்ளைக் கோட்டு இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். கோட்டு இல்லாமல் அந்த ஹாலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்போது ஹெப்சிபா மேடையேறினாள். ரியாஸின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, “உலகம்மை மேடம் வந்து கேக்கட்டும்” என்றாள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் நடுவழியாக நடந்து வந்தது. உலகம்மை மேடையேறினாள்.

மேடையில் இசக்கிமுத்து கொடுத்த ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஹெப்சிபாவின் நெஞ்சில் வைத்தாள்.

லப்டப். லப்டப். லப்டப்.

இடம் மாற்றி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாளும் பெயரை ஒதுக்கிவிட்டுப் பின்னால் இருப்பதைக் கேட்கப் பழகிய காது, இப்போது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பெயரைத் தேடியது. இல்லை. ரவுண்ட்ஸில் அந்த மாணவி பொய் சொல்லவில்லை என்று இப்போது புரிந்தது. பெயர் உண்மையாகவே நாளுக்கு நாள் மங்கியிருக்கிறது, ஒவ்வொரு நாளும் அது தேய்வதைத் தன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள், தான்தான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் செத்துப்போன அந்த ஓரத்தில்தான் தன் பெயர் இருந்ததோ என்னவோ.

“என்ன கேக்கு மேடம்?” என்று யாரோ கீழேயிருந்து ஆசையாகக் கேட்டார்கள்.

என் பெயர்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கைதட்டுவார்கள். அவளைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கணம் நாக்கு நுனிவரை அந்தப் பொய் வந்தது.

“ஒண்ணும் இல்ல” என்றாள் உலகம்மை. “லப்டப்தான் இருக்கு. பேரு இல்ல.”

ஹெப்சிபா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும்” என்றாள், சண்டை போடுகிற குரலில் இல்லை, களைத்த குரலில். “நான் தெனமும் கேட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இத்தன வருசமா அது ஒத்தையாப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு. இனிமே அது பேசாது. நெஞ்சு சொன்னது போதும். நீ வாயத் தொறந்து சொல்லு.”

உலகம்மை ஸ்டெத்தைக் கழற்றினாள். முன்னால் அவளிடம் படித்தவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள், அவளைக் கண்டால் எழுந்து நிற்பவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வாயைத் திறந்தால் வருஷக்கணக்கில் சேர்ந்த அத்தனை வெட்கமும் குமட்டிக்கொண்டு வந்துவிடும் போலிருந்தது.

“இவளுக்கு வெள்ளிக்கிழமையே வலி வந்துது” என்று தொடங்கினாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “நான் வாயுன்னு சொன்னேன். தெரியாமச் சொல்லல. என் பேரு ஒங்க காதுல விழுந்துருமோன்னு பயந்து, இவ செத்தாலும் பரவால்லன்னு… அப்படி நெனைக்கல, ஆனா அப்படித்தான் செஞ்சேன். இவள நான் எல்லார்கிட்டயும் துணைக்கு இருக்கான்னு சொல்லியிருக்கேன். இவ துணைக்கு இருக்கவ இல்ல. ஹெப்சிபா என் வீட்டுக்காரி.”

முன்வரிசையில் யாரோ கைதட்டக் கையைத் தூக்கினார்கள். ஹெப்சிபா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் முகம் இன்னும் இளகவில்லை.

“கடைசி வரிசையில இருக்கவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு.”

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூண் வரைக்கும் கேட்கிற மாதிரி, மறுபடியும் சொன்னாள்.